அடுப்பை அணைக்க வேண்டாம், புகையை நிறுத்துங்கள்

கடிதத்தின் சாரம்

தென் மாவட்ட நகராட்சி ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் இந்தச் சகோதரிக்கு வயது 49. மாமியார் தொடங்கிய பலகாரத் தொழிலை, கணவர் காலமான பிறகு இவர்தான் நடத்தி வருகிறார். முறுக்கு, தட்டை, அதிரசம், கல்யாணச் சீர்ப் பலகாரம் எல்லாம் செய்கிறார். உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகை, அதில் இரண்டு மண் அடுப்பு. விடியற்காலை 4 மணிக்குப் பற்றவைத்தால் 11 மணி வரை எரியும். முன்பு ஒரே அடுப்புதான். ஆர்டர் கூடிய பிறகு இரண்டாவது சேர்ந்தது.

பக்கத்து மனை வெகுகாலம் காலியாகக் கிடந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அங்கே மாடி வீடு வந்தது. மாடியில் வாடகைக்கு வந்த குடும்பத்தில் இரண்டு வயதுக் குழந்தை. அதற்கு வீசிங் தொல்லை, வீட்டிலேயே நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். புகை ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது, துணியில் கரி விழுகிறது என்று பேச்சு தொடங்கிச் சண்டையில் முடிந்திருக்கிறது. போன மாதம் குழந்தையின் அப்பா புகையை வீடியோ எடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட, இன்னும் இரண்டு வீட்டார் "எங்க மொட்டை மாடியிலயும் கரி விழுது" என்று எழுதியிருக்கிறார்கள். "திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுப்போம், போலீஸ்ல சொல்லி உள்ளே தள்ளுவோம்" என்று மிரட்டல்.

சகோதரி கேட்கிறார்: "முப்பது வருஷமா எரியுற அடுப்பு. நேத்து வந்தவங்க அணைக்கச் சொன்னா அணைச்சிடணுமா? 20 வருஷம் தாண்டினா அது நம்ம உரிமைன்னு சொல்றாங்களே? விறகுப் புகை உடம்புக்கு நல்லதுன்னுதான் கேட்டு வளர்ந்தோம். அந்தக் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சுச்சளி, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கேஸுக்கு மாறினா கட்டுப்படியாகாது, ருசியும் போயிடும். காம்பவுண்டு மேல உயரமா தகரம் அடிச்சிடலாம்னு மகன் சொல்றான். அவங்க கொடுக்கிறதுக்கு முன்னாடி நாமளே ஒரு கேஸ் போட்டுடலாமா?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாகத் தெரிகிறது. இரண்டு பெண்களுக்கும் உங்களுக்கும் சோறு போடும் அடுப்பு அது. அதனால் முதலில் பயத்தைப் போக்கிவிட்டு, பிறகு உங்களுக்குப் பிடிக்காத சில விஷயங்களையும் சொல்கிறேன். புகைத் தகராறுகளை நான் நீதிமன்றத்திலும் பார்த்திருக்கிறேன், சமரச மையத்திலும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் இரண்டு தரப்பும் அடுப்பு எரிய வேண்டுமா, அணைய வேண்டுமா என்றே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். அடுப்பு எரியட்டும், புகை மட்டும் போகட்டும் என்று இடையில் ஒரு வழி இருப்பது யார் கண்ணிலும் பட்டிருக்காது. உங்களுக்கான வழி அதுதான்.

யாரும் உங்களை உள்ளே தள்ள முடியாது

காற்றை மற்றவர்கள் உடல்நலத்துக்குக் கேடாகும்படி கெடுப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-ஆவது பிரிவின்படி குற்றம்தான். ஆனால் அதற்கான தண்டனை அபராதம் மட்டுமே, அதிகபட்சம் 1,000 ரூபாய். போலீசார் வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வகைக் குற்றம் அல்ல அது. ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, போட்டு இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். கூப்பிட்டால் போங்கள். விவரத்தை நிதானமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு, பெரும்பாலும் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவாக இருக்கிறது. ஒரு தொழில் சுற்றி வாழ்பவர்களின் உடல்நலத்துக்கோ உடல் சௌகரியத்துக்கோ கேடு என்று தெரிந்தால், அதைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ உத்தரவிட அவருக்கு இந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. முதலில் நிபந்தனை உத்தரவு வரும். அதை எதிர்த்து உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு. விசாரணைக்குப் பிறகு அது உறுதியாகி, நீங்கள் மீறினால்தான் சிக்கல் பெரிதாகும்.

ஒரே ஒரு வீட்டுக்குத் தொல்லை என்றால் அது தனியார் தொல்லை. சிவில் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பதுதான் அவர்களுக்கு உள்ள வழி. பலருக்குத் தொல்லை என்றால்தான் அது பொதுத் தொல்லை. இந்த இடத்தில்தான் அந்த வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இரண்டு வீட்டார் எழுதியது உங்களுக்குப் பாதகமாகிறது. நாளைக்கு மனுவில் மூன்று வீட்டார் கையெழுத்துப் போட்டால், இது இரண்டு வீட்டுத் தகராறு என்று தட்டிக்கழிக்க ஆர்.டி.ஓ.வால் முடியாது.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கோவிந்த் சிங் எதிர் சாந்தி சரூப் என்ற வழக்கு, 1979-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியானது. ஒரு பேக்கரிக்காரரின் அடுப்பும் புகைபோக்கியும்தான் அங்கே பிரச்சினை. மாஜிஸ்திரேட் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, புகை அக்கம்பக்கத்தாரைப் பாதிக்கிறது என்று முடிவு செய்திருந்தார். நேரில் பார்த்தவரின் முடிவை ஏற்பதே பாதுகாப்பானது என்ற உச்ச நீதிமன்றம், அடுப்பையும் புகைபோக்கியையும் இடிக்கச் சொன்ன பகுதியை உறுதி செய்தது. ஆனால் அந்த இடத்தில் பேக்கரித் தொழிலே நடத்தக்கூடாது என்ற பகுதியை ஏற்கவில்லை. இதை இரண்டு விதமாகப் படியுங்கள். தொழிலைச் சட்டம் பறிப்பதில்லை என்பது உங்களுக்கு ஆறுதல். அடுப்பையும் புகைபோக்கியையும் இடிக்கச் சொல்லும் அளவுக்கு அது போகும் என்பது உங்களுக்கு எச்சரிக்கை.

முப்பது வருஷக் கணக்கு

"20 வருஷம் தாண்டினால் உரிமை" என்று உங்களுக்குச் சொன்னவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் 20 வருடத் தொடர் அனுபவத்தால் உரிமை பெறும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது உங்களுக்குக் கைகொடுக்காது.

முதல் காரணம், அதே சட்டத்தின் 7-ஆவது பிரிவு. தன் நிலத்துக்கு வரும் காற்றைப் பிறர் நியாயமற்ற முறையில் கெடுக்காமல் இருக்கக் கேட்கும் உரிமை ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உண்டு என்று, உதாரணம் காட்டியே அது சொல்கிறது. நீங்கள் நம்பியிருக்கும் சட்டத்தின் இன்னொரு பக்கத்தில் பக்கத்து வீட்டாரும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, வருடத்தை எங்கிருந்து எண்ணுவது என்ற கேள்வி. 1879-இல் லண்டனில் ஒரு வழக்கு வந்தது. மிட்டாய் செய்பவர் ஒருவர் 20 வருடத்துக்கும் மேலாகப் பெரிய உரலில் இடித்துவந்தார். பின்பக்கத்து வீட்டு டாக்டர் தன் தோட்டத்துக் கோடியில், மிட்டாய்க்காரரின் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டினார். அதன் பிறகுதான் சத்தம் தொல்லையானது. நான்தானே முதலில் இருந்தேன் என்றார் மிட்டாய்க்காரர். நீதிமன்றம் டாக்டர் பக்கம் நின்றது. யாருக்கும் தொல்லையாக இல்லாத காலத்தை உரிமைக் கணக்கில் சேர்க்க முடியாது என்பது அதன் சாரம். ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் என்ற அந்தத் தீர்ப்பை நம் ஊர்ச் சட்டக் கல்லூரிகளிலும் பாடமாக நடத்துகிறார்கள். உங்கள் பக்கத்து மனை காலியாகக் கிடந்தபோது புகை யார் மூக்கிலும் ஏறவில்லை. உங்கள் கணக்கு மூன்று வருடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதுவும் இரண்டாவது அடுப்பு சேர்ந்த பிறகு பழைய அளவு என்றும் சொல்ல முடியாது. பொதுத் தொல்லை என்று ஆகிவிட்டாலோ, எத்தனை வருடம் போனாலும் அது உரிமையாக மாறாது.

குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே சளி என்ற உங்கள் வாதத்தில் ஒரு துளி நியாயம் உண்டு. தொல்லையை அளக்கும்போது சட்டம் சாதாரண மனிதரின் சௌகரியத்தைத்தான் பார்க்கும், விசேஷ பலவீனம் உள்ளவரை அளவுகோலாக வைக்காது. ஆனால் துணியில் கரி விழுவதற்கும் மூன்று வீட்டு மாடி கறுப்பதற்கும் யாருடைய நெஞ்சும் பலவீனமாக இருக்கத் தேவையில்லை. அதோடு, சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு தாயாக யோசித்தால், மூச்சு ஏற்கெனவே சிரமப்படும் குழந்தை என்பது நாம் கூடுதலாகக் கவனம் எடுக்க வேண்டிய காரணம். அலட்சியப்படுத்தும் காரணமாக அது ஆக முடியாது.

உங்கள் இருமலைப் பற்றி

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள்: "எனக்கே காலையில கொஞ்சம் இருமல் வரும், அது பழகிப்போச்சு." எனக்கு அந்த வரியைக் கடந்துபோக முடியவில்லை.

விறகுப் புகை நல்லது என்பது தவறான நம்பிக்கை. வேம்போ நொச்சியோ, எரிந்து வரும் புகை நெஞ்சுக்கு மருந்தாகாது. புகையில் இருக்கும் மிக நுண்ணிய துகள்கள், தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கே உள்ளவை, நுரையீரலின் கடைசி அறை வரை போகும். இந்தத் துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டின் வரம்பு 60. விறகடுப்பு எரியும் மூடிய சமையலறையில் அது பல நூறைத் தொடும். பீடி, சிகரெட் தொட்டே பார்க்காத பெண்களுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருவதற்கும், கண்புரைக்கும் அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போவது மிச்சப் புகைதான். முதல் புகையை உள்ளிழுப்பது நீங்களும் அந்த இரண்டு பெண்களும். மூன்று பேரும் அரசு மருத்துவமனையில் ஒரு முறை நுரையீரல் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழாயில் ஊதச் சொல்லும் எளிய பரிசோதனைதான் அது.

புகை எங்கிருந்து வருகிறது

இனி அடுப்புக்கு வருவோம். உங்களுக்குக் கோர்ட்டைவிட இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புகை என்பது எரியாமல் வெளியேறும் விறகு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூட்டில் ஒரு பங்குதான் பக்கத்து வீட்டு மாடியில் கரியாக விழுகிறது. விறகு சூடானதும் அதிலிருந்து வாயு கிளம்பும். போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அந்த வாயு தீயாக எரிந்துவிடும். கிடைக்காவிட்டால் புகையாக மேலே போகும். ஆக, புகைகிறது என்றால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை, அல்லது அடுப்பில் அளவுக்கு மீறித் திணித்திருக்கிறது.

சீமைக் கருவேல விறகை டிராக்டர் லோடாக இறக்கி, அந்த வாரமே எரிக்கத் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கருவேலம் நல்ல விறகு, நின்று எரியும். ஆனால் வெட்டிய சூட்டோடு வரும் மரத்தில் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கக்கூடும். 10 கிலோ விறகை அடுப்பில் வைத்தால் நாலைந்து கிலோ தண்ணீரை ஆவியாக்கிய பிறகே எண்ணெய் காயத் தொடங்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து சில்லறையாக விற்கும் விறகுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

உங்களிடம் பலகாரம் நிறுக்கும் தராசு இருக்கிறதே, அது போதும். புதுக் கட்டை ஒன்றில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டு, வாரம் ஒரு முறை நிறுத்துச் சுவரில் எழுதிவையுங்கள். எடை குறைந்துகொண்டே வரும். குறைவது நின்றுவிட்டால் அந்த லோடு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்த கட்டைகள் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வரும், நுனியில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரத்தால் மூடி, பக்கவாட்டைத் திறந்துவிட்டால் காற்று வேலையைச் செய்துவிடும். அவசரத்துக்குச் சவுக்கு வாங்குங்கள், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது எரிந்துகொடுக்கும். ஒரு லோடு எரியும்போது அடுத்த லோடு காய்ந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு லோடுப் பணம் முன்னதாக முடங்கும்; ஆனால் காய்ந்த விறகு குறைவாகச் செலவாகும் என்பதால் அந்தப் பணம் உங்களிடமே திரும்பும்.

தச்சுப் பட்டறையிலிருந்து வரும் பிளைவுட் துண்டுகளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் பசை இருக்கிறது, சிலவற்றில் பெயின்ட் இருக்கிறது. பால் கவரும் டயர் துண்டும் வைத்துப் பற்றவைப்பதும் வேண்டாம். அதிலிருந்து வருவது விறகுப் புகையே அல்ல, அதைவிட மோசமான நஞ்சு. திறந்தவெளியில் குப்பை எரிப்பவரிடம் 5,000 ரூபாய் வசூலிக்கச் சொல்லித் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அடுப்பு திறந்தவெளியா என்று நான் வாதாடலாம்தான். ஆனால் பால் கவர் எரியும் ஒரு போட்டோ விசாரணையில் வந்துவிட்டால், நீங்கள் சொல்லும் மற்ற நியாயம் எதுவும் எடுபடாது. காய்ந்த தென்னம்பாளை, சிரட்டை, பனஓலை இருக்க, பிளாஸ்டிக் எதற்கு?

பற்றவைக்கும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மிக மோசமான புகை வரும் நேரம். அப்போது பெரிய கட்டை வேண்டாம். சுள்ளியும் சிரட்டையும் மட்டும் போட்டு நல்ல கங்கு விழுந்த பிறகு கட்டையைத் தள்ளுங்கள். கட்டையின் நுனி மட்டுமே தீயில் இருக்க வேண்டும், எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். வாய் முழுக்கத் திணித்துவிட்டு ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருப்பது புகையை வரவழைக்கும் வேலை. அடுப்புக்குள் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இரும்புக் கம்பி வலை ஒன்றைப் போட்டுவிட்டால், சாம்பல் கீழே விழும், காற்று அடியிலிருந்து ஏறும். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. தீ மஞ்சளாகத் துள்ளி எரிந்தால் நல்லது. கொட்டகைக்கு வெளியே நின்று புகைக் குழாயின் வாயைப் பாருங்கள்: பற்றவைத்து கால் மணி நேரத்துக்குப் பிறகும் அடர்த்தியாகப் புகை தெரிந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அடுத்தது குழாய். நீங்கள் அனுப்பிய படத்தில் தகரக் குழாய் கொட்டகைக் கூரையோடு நின்றுவிடுகிறது. பக்கத்து மாடி ஜன்னல் அதற்கு நேர் எதிரே இருக்கிறது. அந்த ஜன்னலுக்குள் போகாமல் அந்தப் புகை வேறெங்கே போகும்? குழாய் கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, அதோடு 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரம் என்பது அமெரிக்காவில் கடைப்பிடிக்கும் கணக்கு. உங்கள் விஷயத்தில் அந்த மாடி வீட்டின் உச்சியைத் தாண்டினால்தான் பலன். வளைவு குறைவாக, நேராக ஏற வேண்டும். காற்றுக்கு ஆடாமல் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். மாதம் ஒரு முறை உள்ளே படியும் கரியைச் சுரண்டி எடுக்க, அடியில் ஒரு திறப்பு வையுங்கள். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கரி பிடித்த குழாய் என்பது தீ விபத்துக்கு வழி.

இந்தச் சுத்தம் செய்யும் வேலையை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. புகையில்லா அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், வார்தாவின் மகன்வாடியில் 1940-களிலேயே புகைபோக்கி வைத்த அடுப்பை உருவாக்கிவிட்டது. 1980-களில் மத்திய அரசு நாடு முழுவதும் மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தியது, 2002-இல் அது முடிந்தது. எத்தனையோ வீடுகளில் அந்த அடுப்பு கைவிடப்பட்டதற்கு, குழாய் அடைத்துக்கொண்டதும் விரிசலைப் பூச ஆள் வராததும் பெரிய காரணங்கள். கட்டுவது ஒரு நாள் வேலை, பராமரிப்பது ஆயுசுக்கும் உள்ள வேலை.

இவ்வளவு செய்தாலும் புகை முற்றிலும் இல்லாமல் போகாது. கண்ணுக்குத் தெரியாத துகள் வரத்தான் செய்யும். அதனால்தான் நேரமும் முக்கியம். விடியற்காலை 4 மணிக்குக் காற்று அசையாது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்கும், மார்கழியில் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்துப் புகை மேலே போகாமல் வீட்டு உயரத்திலேயே நிற்கும், தூங்குகிறவர்களின் அறைக்குள் இறங்கும். வெயில் ஏறிய பிறகு அதே புகை எழும்பிக் கலைந்துவிடும். மாவு பிசைவது, பாகு காய்ச்சுவது போன்ற விடியற்கால வேலைகளை வைத்துக்கொண்டு, விறகைப் பற்றவைப்பதை 7 மணிக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள். பாகுக்கு மட்டும் கேஸ் போதும்.

கேஸுக்கு மாறுவதா?

ஒரேயடியாக மாறச் சொல்ல மாட்டேன், கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். பிடித்தால் சிலிண்டரைப் பறிமுதல் செய்வார்கள், உங்கள் எதிர்த்தரப்புக்கும் ஒரு ஆயுதம் கிடைக்கும். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும், அதன் விலை உறுத்தத்தான் செய்யும். ஆனால் ஈர விறகின் செலவு, பற்றவைக்கும் நேரம், மருந்துச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். இடைப்பட்ட வழியாக, மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் என்ற சிறு துண்டுகளை எரிக்கும், சின்ன மின்விசிறி வைத்துக் காற்றூதும் அடுப்புகளும் இப்போது ஹோட்டல்களுக்கு வருகின்றன. ருசியைப் பற்றிக் கேட்டால், எண்ணெயில் பொரியும் முறுக்கின் ருசி மாவின் பக்குவத்திலும் எண்ணெயின் சூட்டிலும்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு ஈடு கேஸில் போட்டு, எது எது என்று சொல்லாமல் வாடிக்கையாளருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் தனி. இரவு பகலாக இரண்டு அடுப்பும் எரியும் அந்த நாட்களுக்குக் கல்யாண மண்டபச் சமையற்கூடத்தையோ ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையையோ வாடகைக்கு எடுக்கப் பாருங்கள். தெருவின் பொறுமை முறிவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.

தகரம் வேண்டாம், முந்திக்கொண்டு வழக்கும் வேண்டாம்

மகன் சொல்லும் தகரத் தடுப்பு புகையை நிறுத்தாது. புகை அதில் முட்டி உங்கள் கொட்டகைக்குள்ளேயே திரும்பும், அல்லது ஏறித் தாண்டும். பக்கத்து வீட்டுக்கு வெளிச்சத்தை மறைத்தோம் என்ற புதிய புகார்தான் மிஞ்சும். முந்திக்கொண்டு போடும் வழக்கிலும் உங்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை. மிரட்டலைத் தவிர அவர்கள் உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அதோடு உங்கள் ஈர விறகையும் குட்டைக் குழாயையும் நீங்களே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவதாக ஆகிவிடும்.

அதற்குப் பதில் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், பலகாரத் தட்டும் இப்போது வேண்டாம். அந்தக் குழந்தையின் அம்மா தனியாக இருக்கும் மாலை நேரத்தில் போய், "அம்மாடி, எந்த நேரத்துப் புகை குழந்தைக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். முப்பது வருஷம் என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. அடுப்பில் என்ன மாற்றப் போகிறீர்கள், எத்தனை நாளில் முடியும் என்று சொல்லுங்கள். போன் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். புகை உள்ளே வந்தால் குழுவில் போடாமல் உங்களுக்கே சொல்லட்டும். குழந்தைக்கு மூச்சு முட்டும் நாளில் அவர் சொன்னால், அன்றைக்கு ஒரு அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு வீட்டுக்கும் போய் வாருங்கள், அவர்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

பேசி முடிவானதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: பற்றவைக்கும் நேரம், குழாயின் உயரம், எரிக்கக்கூடாத பொருட்கள், முடிக்கும் தேதி. "என் புகையால் உங்கள் குழந்தைக்கு நோய் வந்தது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் செய்யப் போவதை எழுதினால் போதும், பழைய குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாளாக அது இருக்கத் தேவையில்லை. அடுப்பையும் குழாயையும் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் நகராட்சித் தொழில் உரிமமும் நடப்பில் இருக்கின்றனவா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இல்லை என்றால், யாராவது வந்து பார்ப்பதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

அவர்கள் பேச மறுத்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுங்கள். பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வழக்கே போடாமல் இரண்டு தரப்பையும் அழைத்துப் பேசவைக்க அவர்களால் முடியும்.

ஒருவேளை இந்தப் பதிலைப் படிக்கும் முன்பே மனு போய், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தால், அதில் குறித்திருக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். மாற்றங்களுக்கான படங்களோடும் ரசீதுகளோடும் நேரில் போய், அடுப்பை வந்து பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். அந்த நாளில் காய்ந்த விறகும் உயர்ந்த குழாயும் அவர் கண்ணில் படும்படி, வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.